பிம்ப்ரியில் பிறந்த பெப்டைடு: ஆன்டியமீபினின் முப்பது ஆண்டுகள்

இந்திய எதிருயிரி மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெனிசிலின் தொழிற்சாலையில் தொடங்கி, ஹாமைசினைத் தொட்டுவிட்டு, 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்குத் தாவிவிடுவர். பொதுத்துறை, விலைக்கட்டுப்பாடு, பன்னாட்டு நிறுவனங்கள் என்னும் மூன்று சொற்களுக்குள் அவ்வரலாறு அடங்கிவிடுகிறது. இத்தாவலில் விடுபட்டுப்போகும் பொருள்களுள் ஒன்று ஆன்டியமீபின். எந்த மருந்துக்கடையிலும் நிலைத்த இடத்தை அது பெறவில்லை. ஆயினும் மராட்டிய மாநிலத்தின் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் பெயர்பெற்று, அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் வரிசை வாசிக்கப்பெற்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பெங்களூர், வாஷிங்டன், லண்டன், சென்னை ஆகிய ஊர்களின் படிகவியலாளர் கைகளில் உருவம் பெற்ற ஒரு பூஞ்சைப் பெப்டைடின் கதை, சுதந்திர இந்தியாவின் அறிவியலைப் பற்றி மருந்துக் கொள்கை ஆவணங்கள் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறது.

கதையின் களம் பூனாவை அடுத்த பிம்ப்ரி. ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் 1954 மார்ச்சில் பதிவுபெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியும் யூனிசெஃப் வழங்கிய இயந்திரங்களும் அதன் பிறப்புக்குத் துணைநின்றன. மருந்து உற்பத்திக்கென இந்திய அரசு தொடங்கிய முதல் நிறுவனம் அதுவே. இதன் பின்னணியில் ஓயாமல் வாதாடியவர்களுள் தலையாயவர் மேஜர் ஜெனரல் சாஹிப் சிங் சோக்கே. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகவும், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் உதவித் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். மருந்தைப் பொட்டலம் கட்டி விற்பது மருந்துத் தொழில் ஆகாது, மூலப்பொருளை நாட்டிலேயே ஆக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. பெனிசிலினைப் பொறுத்தவரை மூலப்பொருள் என்பது ஓர் உயிர். பெனிசிலியம் கிரைசோஜீனம் என்னும் பூஞ்சையை எஃகுத் தொட்டிகளில் காற்றூட்டி வளர்த்தாக வேண்டும். ஆகவே வேதிப்பொறியாளர்களோடு பூஞ்சையியலாளர்களையும் நிறுவனம் தேடவேண்டியிருந்தது. இந்தத் தேவைதான் திருமலாச்சாரைப் பிம்ப்ரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பிம்ப்ரிக்கு முன் இந்தியாவில் பூஞ்சை எதிருயிரி ஆய்வே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராயிருந்த சஹாய்ராம் போஸ், வங்காளத்தின் மரப்பூஞ்சைகளைப் பல்லாண்டுகள் வகைப்படுத்தியவர். பட்டுப்போன மரங்களில் செந்நிற விசிறிபோல் முளைக்கும், அந்நாளில் பாலிஸ்டிக்டஸ் சாங்குவினியஸ் என வழங்கிய பூஞ்சையில் நோய்க்கிருமிகளை ஒடுக்கும் பொருள் உண்டு என்று 1946இல் நேச்சர் இதழில் அவர் அறிவித்தார். அதற்குப் பாலிபோரின் எனப் பெயரிட்டார். 1955இல் வயற்காளானிலிருந்து கேம்பெஸ்ட்ரின் என்னும் மற்றொன்றை அறிவித்தார். இரண்டும் மருந்தாகவில்லை. போஸிடம் பூஞ்சை இருந்தது, பெயர் இருந்தது, நுண்ணோக்கி இருந்தது. தொட்டியும் தூய்மிப்புக்கூடமும் வேதியியலாளர் குழுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் கூடிச் செய்ததைக் கல்கத்தாவில் ஒரு தாவரவியல் பேராசிரியர் தனியே செய்திருக்க இயலாது. பிம்ப்ரியின் சிறப்பு என்னவெனில், வகைப்பாட்டியல் அறிந்தவரும் தொட்டியை இயக்குபவரும் ஒரே மதிற்சுவருக்குள் இருந்தனர் என்பதே.

எம்.ஜே. திருமலாச்சார் 1914இல் பிறந்த மைசூர்க்காரர். தானியப் பயிர்களைத் தாக்கும் துருநோய், கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சைகளில் தேர்ந்தவர். பி.பி. முண்ட்குருடன் இணைந்து அவர் எழுதிய 'உஸ்டிலஜினேல்ஸ் ஆஃப் இந்தியா' 1952இல் இங்கிலாந்தின் கியூவிலிருந்து வெளிவந்தது. பயிர்நோய்ப் பூஞ்சைகளின் வித்துகளை எண்ணி வகைபிரித்த கண், பிம்ப்ரியில் வேறொரு வேலைக்குத் திரும்பியது. மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுப்பது, தட்டுகளில் வளர்ப்பது, எது எதைக் கொல்கிறது என்று பார்ப்பது, கொல்வதற்குப் பெயரிடுவது. இவ்வேலையில் பெயரிடுதல் இறுதிச் சடங்கு போன்றதென்று வேதியியலாளர் கருதலாம். உண்மையில் அது பாதி வேலை. இன்ன உயிர் என்று உறுதியாகத் தெரியாத ஒன்றிலிருந்து வரும் பொருளை மற்றோர் ஆய்வுக்கூடம் மீண்டும் பெற வழியில்லை.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்குவது நலம். பிம்ப்ரிக்குப் புகழ் தேடித்தந்த ஹாமைசின் பூஞ்சை தந்த பொருளன்று. அதைத் தந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. ஸ்ட்ரெப்டோமைசிஸ் இழையிழையாக வளர்வதால் பழைய நூல்களில் கதிர்ப்பூஞ்சை எனக் குறிக்கப்பட்டது. இன்று அது ஐயத்துக்கிடமின்றி பாக்டீரியா. ஹாமைசின், டெர்மோஸ்டாட்டின், ஆரியோஃபங்கின் மூன்றுமே பூஞ்சைகளைக் கொல்லும் பொருள்கள். மூன்றையும் ஆக்குபவை பாக்டீரியாக்கள். ஆன்டியமீபின் இதற்கு எதிர்த்திசை. அதைச் சுரப்பது மெய்யான பூஞ்சை. இணையத்தில் உலவும் சில குறிப்புகள் பிம்ப்ரியின் எல்லாப் பொருள்களையும் பூஞ்சைப் பொருள்கள் என ஒரே கூடையில் இடுகின்றன. பெயர்களில் உள்ள மைசின், ஃபங்கின் ஆகிய ஈறுகள் செய்யும் மயக்கம் அது.

ஆன்டியமீபின் 1968இல் அறிவிக்கப்பட்டது. வெளிவந்த இடம் நிறுவனத்தின் சொந்த இதழான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் புல்லட்டின். உற்பத்தியும் உயிரியல் செயல்பாடும் பற்றிய முதல் கட்டுரை திருமலாச்சாருடையது. பிரித்தெடுத்தல் பற்றிய தொடர் கட்டுரையை அவருடன் பணியாற்றிய வேதியியலாளர்கள் எழுதினர். பொருளைச் சுரப்பவை என மூன்று பூஞ்சைகள் குறிக்கப்பட்டன: எமெரிசெல்லாப்சிஸ் பூனென்சிஸ், எமெரிசெல்லாப்சிஸ் சின்னமேட்டிகோலா, செஃபலோஸ்போரியம் பிம்ப்ரினா. ஊரின் பெயரும் தொழிற்பேட்டையின் பெயரும் லத்தீன் வேடமிட்டு உயிரியல் பட்டியலில் ஏறிய விதம் அது. பூனா பின்னாளில் புனே ஆயிற்று. பெயரிடல் விதிகளின்படி பூஞ்சையின் பெயர் மட்டும் பழைய எழுத்திலேயே நிற்கிறது.

இப்பூஞ்சைக் குடும்பம் அக்காலத்தில் உலகெங்கும் கவனிக்கப்பட்ட ஒன்று. சார்டினியாத் தீவின் கால்யாரி நகரில் கழிவுநீர் கடலில் கலக்குமிடத்திலிருந்து ஜுசெப்பே ப்ரோட்சு 1945இல் ஒரு செஃபலோஸ்போரியத்தைப் பிரித்தெடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்னும் பொருளை 1953இல் கண்டனர். முதல் செஃபலோஸ்போரின் மருந்து 1964இல் மருத்துவமனைகளுக்கு வந்தது. எமெரிசெல்லாப்சிஸ் என்பது செஃபலோஸ்போரியம் போன்ற பாலிலா நிலையும் தனியே பாலினப்பெருக்க நிலையும் கொண்ட உறவுப்பேரினம். அதன் சில இனங்கள் பெனிசிலின் என் என்னும் பொருளையும் சுரப்பவை. ஆகவே பூனாவின் ஆய்வாளர் ஒருவர் எமெரிசெல்லாப்சிஸைத் தட்டில் கண்டவுடன் அடுத்த செஃபலோஸ்போரினை எதிர்பார்த்திருந்தால் வியப்பில்லை. கிடைத்தது வேறு வகை. பாக்டீரியாவைவிட அமீபா முதலிய ஒற்றைச்செல் உயிர்களையும் குடற்புழுக்களையும் அது தாக்கியது. பெயரிலேயே அமீபா நுழைந்ததற்கு அதுவே காரணம்.

அமீபாச் சீதபேதி இந்தியாவின் அன்றாட நோய். அப்படியிருக்க இப்பொருள் ஏன் மருந்தாகவில்லை? காலத்தை நோக்கினால் ஒரு விடை தென்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவலும் அவர் குழுவினரும் மெட்ரோனிடசோல் அமீபாச் சீதபேதியையும் ஈரல் கட்டியையும் குணப்படுத்துவதை 1966இல் லான்செட் இதழில் வெளியிட்டிருந்தனர். வாய்வழி உட்கொள்ளலாம், தொழிற்சாலையில் வேதிவினையாலேயே ஆக்கலாம், தொட்டியும் பூஞ்சையும் வேண்டா. இரண்டாண்டுகள் கழித்து வந்த ஆன்டியமீபினுக்கு அந்த நாற்காலி காலியாக இல்லை. மற்றொரு காரணம் பொருளின் இயல்பிலேயே இருந்தது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த பெப்டைடுகள் செல்லின் சவ்வைத் தாக்குபவை. சவ்வு கிருமிக்கும் உண்டு, மனிதனின் சிவப்பணுவுக்கும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாத பொருளை ஊசிவழிச் செலுத்த எவரும் துணியார்.

மருந்தாகாத பொருளின் கதை வழக்கமாக இங்கு முடிந்துவிடும். ஆன்டியமீபினின் கதை முடியாததற்குக் காரணம், அதே காலத்தில் வேறொரு பூஞ்சையிலிருந்து வந்த அலமெதிசின்.

அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தில் மேயரும் ராய்ஸரும் டிரைக்கோடெர்மா விரிடி எனக் கருதப்பட்ட பூஞ்சையிலிருந்து அலமெதிசினைப் பிரித்து 1967இல் வெளியிட்டனர். மறு ஆண்டே பால் மியூல்லரும் டொனால்ட் ரூடினும் செயற்கைக் கொழுப்புச் சவ்வில் அதைச் சேர்த்தபோது, நரம்பிழையின் மின்துடிப்பை ஒத்த மின்னோட்டம் எழுவதைக் கண்டனர். சவ்வின் இருபுறமும் மின்னழுத்தம் மாறும்போது திறந்து மூடும் வாயில் ஒன்று பூஞ்சையிடமிருந்து கிடைத்துவிட்டது. நரம்பியலாளர்கள் உண்மையான நரம்பு வாயில்களைத் தனியே பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. இருபது துணுக்குகள் கொண்ட இந்தச் சிறு பெப்டைடு அவர்களுக்கு மாதிரியாக அமைந்தது.

அதன் கட்டமைப்பை வாசிப்பதில் ஒரு பிழை நேர்ந்தது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம். சரத்துக்கு ஒரு முனையில் அமீன், மறுமுனையில் அமிலம் இருக்க வேண்டும். அலமெதிசினில் அமீன் முனையைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. முனை இல்லாத சரம் வளையமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவோடு, வளைய வடிவம் ஒன்று கேம்பிரிட்ஜிலிருந்து 1970இல் வெளிவந்தது. தருக்கத்தில் குறையில்லை, விடை தவறு. அமீன் முனை அசெட்டைல் தொகுதியால் அடைக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் அமிலத்துக்குப் பதிலாக ஆல்கஹால் நின்றது. இரு முனைகளும் தாழிடப்பட்ட நேர்ச்சரத்தை வளையம் என்று வாசித்துவிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டின் மார்ட்டினும் வில்லியம்ஸும் காந்த ஒத்ததிர்வு ஆய்வின் மூலம் 1976இல் நேர்ச்சரம் என்று காட்டினர். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைன்ஹார்ட் குழுவினர் நிறை நிறமாலையியலால் அதை உறுதிசெய்தனர். அக்குழுவின் கட்டுரைகளில் முதலாசிரியர் ரமேஷ் சந்திர பாண்டே என்னும் இந்திய வேதியியலாளர். அதே கருவியும் அதே முறையும் 1970களின் இறுதியில் பிம்ப்ரியின் ஆன்டியமீபின் மீதும் திரும்பின.

வாசிப்பின் முடிவில் பதினாறு துணுக்குகள் கொண்ட சரம் தெரிந்தது. தொடக்கத்தில் அசெட்டைல் பூட்டிய ஃபினைல் அலனின், முடிவில் ஃபினைல் அலனினின் ஆல்கஹால் வடிவம். இடையே புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் கிளைசினும் லியூசினும் குளூட்டமினும். எஞ்சியவற்றுள் பெரும்பான்மை, மரபுக்குறியீட்டில் இடம்பெறாத ஓர் அமினோ அமிலம்: ஆல்ஃபா அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம். ஆய்வாளர் வழக்கில் அதற்கு ஐப் என்று பெயர். அதன் நெருங்கிய உறவான ஐசோவாலினும் இரண்டு இடங்களில் இருந்தது. இவ்விரு அமினோ அமிலங்களும் 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் காணப்பட்டவை. பூமியில் அரியவை என்பதால் அவற்றை விண்ணின் அடையாளமாகக் கொண்டோர் உண்டு. மண்ணிலுள்ள சாதாரணப் பூஞ்சைகளும் அவற்றை ஆக்குகின்றன என்பது அத்தகைய வாதங்களுக்கு ஒரு கடிவாளம். பெப்டைடு, ஐப், ஆல்கஹால் மூன்றையும் ஒட்டி இக்குடும்பத்துக்குப் பெப்டைபால் என்னும் பெயர் நிலைத்தது.

ஐப் என்பதன் தனித்தன்மை எளியது. பிற அமினோ அமிலங்களின் நடுக் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்குமிடத்தில் ஐப்பில் மெத்தில் தொகுதி இருக்கிறது. ஆக, ஒரே கார்பனில் இரண்டு மெத்தில்கள். இடம் நெருக்கடியாகிறது, சரம் விரும்பியபடி முறுக்கிக்கொள்ள முடியாது. எவ்வளவு முடியாது என்பதைக் கணக்கிடும் கருவியோ சென்னையில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், பெப்டைடுச் சரத்தின் இரு சுழற்சிக் கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்று பிரித்துக் காட்டியது. சாதாரண அமினோ அமிலத்துக்கு அவ்வரைபடத்தில் பரந்த நிலப்பகுதிகள் உண்டு. ஐப்புக்கு எஞ்சுவன, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் போன்ற இரண்டு சிறு தீவுகள் மட்டுமே. இரண்டும் சுருள் வடிவத்தின் இருப்பிடங்கள். ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. ஐப் மிகுந்த பெப்டைடு சுருளாவதைத் தவிர வேறு வழியற்றது.

ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை நிறுவினார். அப்பிரிவில் 1973இல் சேர்ந்தவர் பத்மநாபன் பலராம். அமெரிக்காவில் முனைவர் பட்டமும், ஹார்வர்டில் உட்வர்டிடம் ஆய்வுப்பயிற்சியும் முடித்துத் திரும்பியவர். புரதங்களின் முழு உருவத்தைத் தீர்க்கும் வசதிகள் அருகியிருந்த அந்நாளில், அலமெதிசினின் துண்டுகளைத் தாமே தொகுத்து அவற்றின் வடிவத்தை ஆராய்வது அவர் தேர்ந்த வழி. மாணவர் ஆர். நாகராஜும், படிகவியலாளர் என். ஷாமளாவும் அவருடன் இணைந்தனர். ஐந்து ஐப்களை மட்டும் கோத்த சிறு பெப்டைடின் படிக வடிவத்தை மூவரும் 1978இல் வெளியிட்டனர். அது சுருள்தான், ஆனால் பாடநூல்களின் ஆல்ஃபாச் சுருளன்று. அதைவிட இறுக்கமாக முறுக்கிய, மூன்று-பத்துச் சுருள் எனப்படும் வகை. புரதங்களில் அதுகாறும் ஓரிரு திருப்பங்களாக மட்டுமே அறியப்பட்ட அவ்வடிவத்தை அணுத் தெளிவில் காட்டிய முன்னோடிச் சான்றுகளுள் அது ஒன்று. ராமச்சந்திரன் வரைபடம் காகிதத்தில் குறித்திருந்த சிறு தீவில் ஒரு பூஞ்சையின் அமினோ அமிலம் கரையேறியது என்று சொன்னால் மிகையாகாது.

இப்பணிகளைப் பற்றிய பேச்சில் சென்னை, பெங்களூர், பிம்ப்ரி மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்து, திட்டமிட்ட தேசியச் சாதனையாக வருணிப்பது எளிது. ஆவணங்கள் அதற்கு இடம்தரவில்லை. ராமச்சந்திரனின் அக்கறை கொலாஜனிலிருந்து பிறந்தது. பலராமுக்குத் தூண்டுகோல் அமெரிக்க நிறுவனத்தின் அலமெதிசின். திருமலாச்சார் தேடியது மருந்து. மூன்று தனித்தனிப் பாதைகள் ஒரு மூலக்கூறில் சந்தித்தன என்பதே பொருந்தும். இதே காலத்தில் இத்தாலியின் படுவாவில் டோனியோலோ குழுவினரும் இதே வினாக்களை எழுப்பிக்கொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

பலராமின் நீண்டகால உடனுழைப்பாளர் வாஷிங்டனில் கடற்படை ஆய்வுக்கூடத்தின் படிகவியலாளர் இசபெல்லா கார்ல். எமெரிசெல்லாப்சிஸின் மற்றோர் இனம் தரும் செர்வமைசினின் படிக வடிவத்தை இருவரும் குழுவினருடன் 1991இல் வெளியிட்டனர். அடுத்து ஆன்டியமீபினின் முறை வந்தது. 1998இல் கார்ல், பலராம் குழுவினரின் கட்டுரை அமெரிக்க தேசிய அறிவியல் கழக நடவடிக்கை இதழில் வெளிவந்தது. சவ்வை ஒத்த சூழலில் பெப்டைடு எவ்வாறு நிற்கிறது என்பதே அதன் பொருள். அதே ஆண்டில், லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் போனி வாலஸ் தலைமையிலான குழு ஸ்ட்ரக்சர் இதழில் தனியே ஒரு படிக வடிவத்தை வெளியிட்டது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் சென்னைப் பல்கலைக்கழகப் படிகவியலாளர் வசந்தா பட்டாபியும் ஒருவர்.

இரு வடிவங்களும் ஒரு செய்தியில் ஒத்தன. ஆன்டியமீபின் நேரான கோலன்று, நன்கு வளைந்த சுருள். பின்பாதியில் அடுத்தடுத்து வரும் ஹைட்ராக்ஸிபுரோலினும் புரோலினும் சுருளின் உள்பிணைப்புகளைக் குலைத்து அதை முழங்கைபோல் மடக்குகின்றன. ஒருபுறம் எண்ணெய்ப் பசை விரும்பும் பக்கச்சங்கிலிகள், மறுபுறம் நீரை விரும்புபவை. அலமெதிசினில் பல சுருள்கள் பீப்பாயின் பலகைகள்போல் கூடி நின்று நடுவே துளை அமைக்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குட்டையாகவும் வளைந்தும் இருக்கும் ஆன்டியமீபினுக்கு அது அப்படியே பொருந்துமா என்னும் ஐயம் எழுந்தது. வாலஸ் குழுவினரின் மின்னோட்ட அளவீடுகள், சில நிலைமைகளில் அது அயனிகளைச் சுமந்து கடத்தும் படகாகவும், சிலவற்றில் துளையாகவும் செயல்படக்கூடும் என்று காட்டின. அமீபாவுக்கு எதிரான மருந்து என்று தொடங்கிய பொருள், சவ்வைக் கடத்தல் என்னும் பொதுவினாவுக்கு ஒரு சான்றாக மாறி நின்றது.

பூஞ்சை இதை எப்படி ஆக்குகிறது என்ற வினாவின் விடை பிம்ப்ரித் தொட்டிகளுக்கே திரும்புகிறது. ஐப்புக்கு மரபுக்குறியீட்டில் இடமில்லை, ஆகவே ரைபோசோம் அதைக் கோக்க முடியாது. பூஞ்சைகள் இதற்கெனப் பேருருக் கொண்ட நொதிகளை வைத்திருக்கின்றன. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு பணிமேடை வீதம் தொடர்ந்து அமைந்த நொதி அது. மேடைக்கு மேடை சரம் நகர்ந்து நீள்கிறது. டிரைக்கோடெர்மா விரென்ஸில் பதினெட்டு மேடைகள் கொண்ட அத்தகைய நொதியின் மரபணு 2002இல் அறிவிக்கப்பட்டது. இடையீடின்றி 62.8 கிலோபேஸ் நீளம் உடையது. ஒரே நொதி இருவேறு நீளங்களில் பெப்டைபால்களைத் தருகிறது என்னும் பின்னாளைய முடிவு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பிரசூன் முகர்ஜி முதலாசிரியராக 2011இல் வெளிவந்த கட்டுரையில் உள்ளது.

பெனிசிலினும் இதே முறையில் பிறந்ததே. பெனிசிலியத்தின் இழைகளில் அமினோ அடிப்பிக் அமிலம், சிஸ்டீன், வாலின் மூன்றும் கோத்த ஒரு முப்பெப்டைடை ஆர்ன்ஸ்டைனும் மாரிஸும் 1960இல் கண்டனர். மூன்றே மேடைகள் கொண்ட நொதி அதைக் கோக்கிறது. பின்னர் வேறொரு நொதி அதை மடித்துப் பூட்டி, டோரத்தி ஹாட்ஜ்கின் 1945இல் எக்ஸ் கதிரால் உறுதிசெய்த நாற்கோண வளையத்தை உண்டாக்குகிறது. பெனிசிலினை வேதியியல் நூல்கள் பீட்டா லாக்டம் என்னும் தலைப்பின்கீழ் வைப்பதால் அது உருமாறிய பெப்டைடு என்பது மாணவர் பலருக்குத் தோன்றுவதில்லை. 1955 முதல் பிம்ப்ரி வடித்தெடுத்ததும் 1968இல் கண்டெடுத்ததும், பூஞ்சையின் கணக்கில், ஒரே தொழிலின் இரு சரக்குகள்.

மருத்துவமனைக்குள் நுழையாத பெப்டைபால்கள் வயலுக்குள் முன்பே நுழைந்துவிட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் விதைநேர்த்தியில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூள் கலக்கப்படுகிறது. வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சையின்மேல் டிரைக்கோடெர்மா படர்ந்து, அதன் சுவரைக் கைட்டினேஸ் போன்ற நொதிகளால் அரிக்கிறது. பெப்டைபால்கள் உள்ளிருக்கும் சவ்வைக் குலைத்து, சுவர் மீண்டும் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. இரண்டும் சேரும்போது தனித்தனி விளைவின் கூட்டுத்தொகையைவிட அதிகம் நிகழ்கிறது என்பது 1990களின் ஆய்வுமுடிவு. பொட்டலத்தின் மேலுள்ள விரிடி என்னும் பெயரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபின் அப்பெயரில் வழங்கிய பல வகைகள் வேறு இனங்களாக அடையாளம் காணப்பட்டன. அலமெதிசினை முதலில் தந்த புகழ்பெற்ற வகையும் அவற்றுள் ஒன்று. திருமலாச்சார் பழகிய வகைப்பாட்டியல் பழங்கலை என்று பல்கலைக்கழகத் துறைகளில் ஒதுக்கப்பட்டுவரும் காலத்தில் இதைக் குறிப்பிடுவது தகும்.

பிம்ப்ரியின் பிற்கால வரலாறு இவ்வளவு நீளமானதன்று. 1990களின் தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டுப் பெனிசிலின் ஜி மலிவாக வந்து குவிந்தது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் நிறுவனம் நலிவுற்ற தொழில்களின் பட்டியலில் சேர்ந்தது. தொட்டிகள் நின்றபோது அவற்றை நம்பியிருந்த தேடலும் நின்றது. மருந்தின் விலையை ஒப்பிட்டவர்கள் இந்த இரண்டாவது இழப்பைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்றுக் கடன்களை அடைக்கவும், பின்னர் நிறுவனத்தையே தனியாருக்கு விற்கவும் ஒப்புதல் அளித்தது. ஆன்டியமீபினின் முதல் அறிவிப்பு அச்சான புல்லட்டினின் பழைய தொகுதிகள் இன்று சில நூலகங்களின் அடுக்குகளில் உள்ளன. 1998இன் இரு படிகவியல் கட்டுரைகளுக்கும் பின்னே தேடிச் செல்பவர் வந்து சேரும் இடம், 1968ஆம் ஆண்டுத் தொகுதியில் மூன்று பக்கங்களுக்குள் அடங்கிய அந்தக் கட்டுரைதான்.